கோலத்துக்குச் சான்றிதழ் எதற்கு?

மார்கழி பிறந்துவிட்டால் வாட்ஸப்பில் அந்தச் செய்தி தவறாமல் வந்துவிடும். ஒரு சிக்குக் கோலத்தின் படம். கீழே, நம் பாட்டிகள் அன்றைக்கே அல்காரிதம் அறிந்திருந்தார்கள், தமிழனாக இருந்தால் பகிரவும் என்று ஒரு வரி. அனுப்புவது பெரும்பாலும் மாமாக்கள், சித்தப்பாக்கள், கல்லூரி சீனியர்கள். இவர்களில் ஒருத்தர்கூடக் கோலமாவைக் கையால் தொட்டவர் கிடையாது. கோடு எழுதத் தெரிந்தவர்கள் சிலர் உண்டு. அவர்களும் அந்தக் கோலத்தை நிரலாக எழுதிப் பார்த்தது கிடையாது. பெருமை மட்டும் ஃபார்வர்ட் ஆகிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கட்டுரை அவர்களோடு சண்டை போடத்தான். கூடவே இன்னும் இரண்டு கட்சிகளோடும் பாக்கி இருக்கிறது. 'இதுக்கு என்ன யூஸ்?' என்று கேட்கிற பொறியியல் கட்சி ஒன்று. 'மெஷின் போட்டதுல ஆன்மா எங்க இருக்கு?' என்று கேட்கிற இலக்கியக் கட்சி இன்னொன்று. மூன்றாவதில் என் நண்பர்கள்தான் அதிகம். இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களும் அதில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

நான் பகலில் சம்பளத்துக்குக் கோடு எழுதுகிறவன். ராத்திரியில் சும்மா எழுதுகிறவன். திருநெல்வேலியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, வட்டங்களையும் வளைவுகளையும் விதிகளாக எழுதி, கொஞ்சம் தற்செயலைக் கலந்துவிட்டு, திரையில் என்ன முளைக்கிறது என்று பார்ப்பேன். இதற்கு ஆங்கிலத்தில் ஜெனரேட்டிவ் ஆர்ட் என்று பேர். எனக்கு 'கோடு' என்ற சொல்லே போதும். நிரலும் கோடு, இழையும் கோடு. நம் பேச்சில் இரண்டும் ஒரே வார்த்தையில் மாட்டிக்கொண்டது தற்செயல்தான் என்றாலும் எனக்கு அது ரொம்பப் பிடித்த தற்செயல்.

முதலில் பெருமைக் கட்சி. கோலத்துக்கும் கணினிக்கும் உண்மையிலேயே ஒரு கதை இருக்கிறது. அது ஃபார்வர்டில் வராது. தாம்பரத்தில் உள்ள சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் பேராசிரியர்களாக இருந்தவர்கள். அவர் புள்ளியியல், இவர் கணிதம். இருவரும் கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினி வரைகலைக்கான சர்வதேச ஆய்விதழில் வந்தது. பொருள், அணி இலக்கணங்களும் கோலமும். மொழியியலில் சாம்ஸ்கி 1950களில் ஒரு வாக்கியத்தை விதிகளால் படிப்படியாக விரித்துக் காட்டினார் அல்லவா? அதையே இவர்கள் வரிசையும் நிரலுமாக உள்ள கட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு சின்னக் குறியில் ஆரம்பித்து, 'இதை இப்படி மாற்று' என்ற விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் கோலம் வளரும். மூன்று புள்ளிக்கும் ஒன்பது புள்ளிக்கும் தனித்தனிப் படம் வேண்டாம். ஒரே இலக்கணத்திலிருந்து ஒரு குடும்பமே பிறக்கும். லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் செடி வளர்ச்சியை விளக்க 1968இல் உருவாக்கிய எல்-சிஸ்டம் என்ற முறையிலும், பின்னால் 1980களில், பிரசின்கிவிச் போன்றவர்கள் கோலங்களை வரைந்து காட்டினார்கள். செடிக்குப் போட்ட விதியில் கிருஷ்ணர் கொலுசு முளைத்தது.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். சிரோமணி குழு 'நம் முன்னோர் கணினி அறிந்தவர்கள்' என்று சொல்லவில்லை. 'இந்தக் கை எப்படிப் போகிறது?' என்று கேட்டார்கள். கோலத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டு கணிதத்தை அதற்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஃபார்வர்ட் கட்சி செய்வது தலைகீழ். அவர்களுக்குக் கோலம் தன்னளவில் போதவில்லை. அல்காரிதம் என்று ஒரு சான்றிதழ் ஒட்டினால்தான் மதிப்பு. வாசலில் குனிந்து நிற்கிற பொம்பளைக்குப் பெருமை வருவதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வார்த்தை இறங்கி வர வேண்டியிருக்கிறது.

சரி, நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு தாளில் 5×6 நேர்ப்புள்ளி வையுங்கள். பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கு நடுவில் எல்லா இடத்திலும் இழைகள் ஒன்றையொன்று வெட்டிப் போகட்டும். ஓரத்துக்கு வந்தால் வளைந்து உள்ளே திரும்பட்டும். ஒரே இழையில் முழுக் கோலமும் முடிந்துவிடும். இப்போது 4×6 வையுங்கள். இரண்டு இழை வரும். 5×5 வைத்தால் ஐந்து. காரணம் எளிமை. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அத்தனை இழை. எட்டாம் வகுப்பில் நாம் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்த அதே மீ.பெ.வ. வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் ராத்திரி இரண்டு மணிவரை புள்ளி எண்ணிக்கையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தேன். யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இதற்கு அடுத்த படிதான் விளையாட்டு. புள்ளிகளுக்கு நடுவே உள்ள ஒவ்வோர் இடத்திலும் இழைக்கு இரண்டே வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். வெட்டிப் போகலாம், இல்லையென்றால் திரும்பி வந்த பக்கமே போகலாம். 5×5 கோலத்தில் அப்படி 40 இடங்கள். ஒவ்வொன்றிலும் நாணயத்தைச் சுண்டிவிட்டால் வரக்கூடிய கோலங்கள் ஒரு லட்சம் கோடிக்கும் மேல். நான்கு பக்கமும் சுழற்றினாலும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு போட்டால் அது 1024ஆகச் சுருங்கிவிடும். முப்பது நாற்பது வரி நிரல் போதும், அத்தனையையும் கணினி வரைந்து தள்ளிவிடும்.

தள்ளியதை ஆச்சியிடம் காட்டினேன். திரையில் பத்துப் பத்தாக.

"யாருல போட்டது இதெல்லாம்?"

"கம்ப்யூட்டர் போட்டது ஆச்சி."

"அதுக்கு வாசல் எங்க இருக்கு?"

பதில் சொல்வதற்குள் அவளே விரலால் தள்ள ஆரம்பித்துவிட்டாள். இது ஆகாது. இது மூஞ்சி கோணலா இருக்கு. இதுல கை போகாது, இடையில நின்னுரும். நிறையத் தள்ளியபின் ஒன்றில் நின்றாள். "இது கெடக்கட்டும்." மறுநாள் காலையில் அந்தக் கோலம் வாசலில் இருந்தது. ஆனால் நான்கு மூலையிலும் ஓர் இடத்தில் வெட்ட வேண்டிய இழையைத் திருப்பிவிட்டிருந்தாள். கேட்டதற்கு, "அப்பதான் மூச்சு விடும்ல" என்றாள்.

நிரல் தந்தது 1024. எது கோலம், எது வெறும் வளைவு என்று தள்ளியது அவள் கண். திருத்தியது அவள் கை. ஜெனரேட்டிவ் ஆர்ட் என்பதன் மொத்தத் தத்துவமும் இவ்வளவுதான். விதியை எழுது, தற்செயலை உள்ளே விடு, வந்ததைப் பார், பெரும்பாலானதைத் தூக்கிப்போடு, விதியைத் திருத்து. இதில் எந்த இடத்தில் மனுஷன் இல்லை என்கிறீர்கள்?

அடுத்து பொறியியல் கட்சி. தாமிரபரணிக் கரையில் இருக்கிற எங்கள் ஊர்களில் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் பொறியியல் படித்தவர்கள் நான்கு பேராவது இருப்பார்கள். எல்லோரும் ஏதோ ஒரு செமஸ்டரில் கோடு எழுதியவர்கள். அவர்களுக்கு லேபில் கொடுத்த முதல் பயிற்சிகளில் ஒன்று, நட்சத்திரக் குறிகளை முக்கோணமாக அச்சிடுவது. முதல் வரியில் ஒன்று, அடுத்ததில் மூன்று, அப்புறம் ஐந்து. நேர்ப்புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைக்கிற அதே கணக்கு! வீட்டில் அம்மா தினமும் காலையில் செய்கிற காரியம்! ஆனால் லேபில் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். ரெக்கார்ட் நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, வைவாவில் ஒப்பித்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். முக்கோணத்தைத் தலைகீழாகப் போட்டால் என்ன, நடுவில் ஓட்டை விட்டால் என்ன, வரிசைகளைக் கலைத்துவிட்டால் என்ன என்று ஒரு பையன் சும்மா மாற்றிப் பார்த்தால், 'கேட்டத மட்டும் எழுது' என்பார்கள்.

ஒருமுறை ஒரு நிறுவனத்தின் நேர்காணலில் என் படங்களைக் காட்டினேன். எதிரே இருந்தவர் அழகாகத்தான் தலையாட்டினார். பிறகு கேட்டார், "ஓகே, இதோட யூஸ் கேஸ் என்ன?" யூஸ் கேஸ் இல்லை சார், பார்க்கலாம், அவ்வளவுதான் என்றேன். அவர் குறிப்பேட்டில் எதையோ அடித்தார். அந்தக் கேள்வி அவருடையது மட்டும் இல்லை. ஒரு தலைமுறையே அந்தக் கேள்விக்குள்தான் வளர்ந்திருக்கிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு கோடிங் வகுப்பு என்று விளம்பரம் செய்கிறவனும் அதே பயத்தைத்தான் விற்கிறான். இப்போ கத்துக்கலன்னா பின்தங்கிடுவான். மணல் வீடு கட்டுகிற வயதில் குழந்தைக்கு ரெஸ்யூமே கட்டுகிறார்கள்.

பயனுக்கு எதிராக நான் எதுவும் சொல்லவில்லை. சோறு போடுவது அதுதான். ஆனால் பயனில் இருந்து ஆரம்பிக்கிறவனுக்குக் கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்று கடைசிவரை தெரியாது என்கிறேன். 1982இல் வந்த ட்ரான் படத்தில் வேலை பார்த்த கென் பெர்லினுக்குக் கணினி வரைந்த பரப்புகள் ரொம்ப வழவழப்பாக, மெஷின்தனமாகத் தெரிந்தன. அந்த எரிச்சலில் இருந்து அவர் ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்தார், காதால் கேட்காத சத்தம். பக்கத்துப் பக்கத்து எண்கள் முரட்டுத்தனமாகத் தாவாமல் மெதுவாக ஏறி இறங்கும் தற்செயல். 1985இல் வெளியிட்டார். இன்றைக்கு சினிமாவிலும் விளையாட்டுகளிலும் வருகிற மேகம், நெருப்பு, மலை பலவற்றிலும் அதன் சாயல் உண்டு. நான் அதை வைத்து ஆயிரக்கணக்கான கோடுகளை ஓட விட்டபோது, சுத்தமல்லி அணைக்கட்டைத் தாண்டி ஆறு மணல் திட்டுகளைச் சுற்றிப் பிரிந்து சேருகிற மாதிரி வந்தது. ஆற்றைப் பார்த்து வரையவில்லை. விதியை எழுதினேன், ஆறு மாதிரி ஒன்று வந்தது. அதற்கப்புறம் நிஜ ஆற்றைப் பாலத்தில் நின்று பார்க்கிற பார்வையே மாறிப்போனது. என் யூஸ் கேஸ் அதுதான், சார்.

இதற்குப் பெரிய வசதியும் வேண்டாம். எம்.ஐ.டி.யில் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001இல் ப்ராசஸிங் என்ற கருவியைத் தொடங்கியதே ஓவியர்களும் கோடு எழுத வேண்டும் என்றுதான். அதே எண்ணத்தை லாரன் மெக்கார்த்தி 2013இல் பி5.ஜேஎஸ் என்ற பெயரில் பிரவுசருக்குக் கொண்டுவந்தார். இலவசம். மலிவான செல்போனில்கூட ஓடும்.

இங்கே ஒருவர் நியாயமாகவே குறுக்கிடலாம். 'தம்பி, வயிறு நிறைஞ்சவனுக்குத்தான் விளையாட்டு. முதல் தலைமுறையாப் படிச்சு வர்ற பிள்ளைகிட்ட சும்மா கோடு போடுன்னு சொல்லாத.' இந்தக் கேள்விக்கு நான் தலைவணங்குகிறேன், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டேன். கோலமே ஓய்வில் பிறந்தது கிடையாது. விடியுமுன் எழுந்து, சாணி கரைத்து, முற்றம் தெளித்து, குனிந்து இடுப்பு வலிக்கப் போடுவது. பெண் என்பதற்காக மட்டும் அவள் தலையில் கட்டிய வேலை அது. எல்லாச் சாதிக்கும் அந்த வாசல் ஒரே மாதிரி திறந்தும் இருந்ததில்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டுக் கோலத்தைக் கொண்டாடுவதும் ஒரு மோசடிதான். ஆனால் அந்தக் கட்டாய வேலைக்குள், யாரும் கேட்காத ஓர் இடத்தில், இழையைத் திருப்பிவிட்டு 'அப்பதான் மூச்சு விடும்' என்று சொன்னவள் விளையாடியிருக்கிறாள். யாரும் அவளுக்கு அதற்கென்று நேரம் ஒதுக்கித் தரவில்லை. வேலைக்குள்ளே புகுந்து அவளே எடுத்துக்கொண்டாள். முதல் தலைமுறைப் பிள்ளைக்குக் கோடு என்றால் கூலி மட்டும்தான் என்று நாமே தீர்ப்பு எழுதிவிட்டு, விளையாட்டை வசதியானவன் பிள்ளைக்கு மட்டும் வைத்திருப்பது எந்த ஊர் சமூகநீதி?

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் பத்தமடை. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளரும் கோரையை அறுத்து, கீறி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, சாயம் ஏற்றி நெய்கிறார்கள். பட்டுப்பாய் என்று சொல்கிற உயர்ந்த ரகம் துணி மாதிரி மடங்கும். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரையும் நெய்து கொடுப்பார்கள். பாவு நூலும் கோரையும் குறுக்கும் நெடுக்குமாகப் போகிற கட்டத்தில் ஓர் எழுத்தை வளைப்பது என்றால் என்ன? எந்தக் கட்டத்தில் நிறம் மேலே, எந்தக் கட்டத்தில் கீழே என்று ஒவ்வொன்றாக முடிவு செய்வது. பிக்சல் என்கிறோமே, அதுதான். இந்தச் சொந்தம் உலக வரலாற்றிலும் பதிவானது. ஜக்கார்ட் 1804இல் ஓட்டை போட்ட அட்டைகளால் தறியை இயக்கினார். அந்த அட்டையைத்தான் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. அதுவும் சான்றிதழ்தான், இது கொஞ்சம் உபயோகமுள்ள சான்றிதழ். ஆனால் பாய் நெய்கிற கை முழுக்கப் பெரும்பாலும் பெண்களுடையது, அதுவும் முஸ்லிம் பெண்களுடையது. 'நம் முன்னோரின் அல்காரிதம்' ஃபார்வர்டில் அவர்களை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. யாருடைய பாட்டி அந்த 'நம் பாட்டி' என்று அப்போதுதான் பிடிபடும். அந்தத் தெருவில் இருந்து ஒரு பெண் கணினி படிக்கப் போகிறாள் என்றால், 'உங்கம்மா செய்றதும் நீ படிக்கிறதும் ஒரே குடும்பம்' என்று அவளிடம் சொல்ல எந்தப் பாடத்திட்டமும் இல்லை. நம் இழப்பு அங்கே இருக்கிறது. பெருமை பேசி அதை ஈடுகட்ட முடியாது.

கடைசியாக, என் இலக்கிய நண்பர்கள். 'விதி போட்டுச் செய்தா அது கலையா? ஆன்மா வேண்டாமா?' நண்பர்களே, நீங்கள் எந்த மொழியில் உட்கார்ந்து இதைக் கேட்கிறீர்கள்? வெண்பாவுக்கு இன்ன தளை, ஈற்றடி முச்சீர் என்று இலக்கணம் எழுதி, அதற்குள் நூற்றாண்டுக் கணக்காக மூச்சு விட்ட மொழி இது. திருஞானசம்பந்தர் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுபோல வருகிற மாலைமாற்றுப் பதிகம் பாடியிருக்கிறார். தண்டியலங்காரம் சித்திரகவிக்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. தேர் வடிவத்திலும் பாம்பு வடிவத்திலும் எழுத்தை அடுக்கி விளையாடியவர்கள் நம் புலவர்கள். அதில் பாதி வெறும் வித்தை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். என் 1024இல் முக்கால்வாசியை ஆச்சி தள்ளியதும் அதனால்தான். விதி இருப்பதால் கலை வராது, விதி இருப்பதால் கலை போகவும் போகாது.

வேரா மோல்னார் என்று ஒரு கிழவி. புடாபெஸ்டில் 1924இல் பிறந்து, பாரிஸில் வாழ்ந்து, 2023 டிசம்பரில் தன் நூறாவது வயதுக்குச் சில வாரம் முன்பு இறந்தார். 1968இல் கணினி கைக்குக் கிடைப்பதற்கு முன்பே, மனதில் ஒரு கற்பனை இயந்திரத்தை வைத்துக்கொண்டு, விதிகளை எழுதி, கையாலேயே அதன்படி வரைந்து பார்த்தவர். வரிசையாக நிற்கும் சதுரங்களில் ஒரே ஒரு சதவீதம் ஒழுங்கின்மையைக் கலந்தால் என்ன ஆகும் என்பது வாழ்நாள் முழுக்க அவருக்கு இருந்த ஆசை. ஆச்சி நான்கு மூலையில் திருப்பிவிட்ட இழையை அவரிடம் காட்டியிருந்தால் இரண்டு பேரும் மொழியே இல்லாமல் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

'அப்போ ஏஐகிட்ட கோலம் கேட்டு வாங்குறதும் இதுதானே?' என்று அடுத்த கேள்வி வரும். இல்லை. ஜெனரேட்டிவ் என்ற சொல்லையே இப்போது அவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதுதான் என் ஆத்திரம். ஏஐ தந்த கோலப் படங்களை நான் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். இழை ஒரு புள்ளியைச் சுற்றப்போய் நடுவிலேயே கரைந்துவிடும், இரண்டு இழை சேரவேண்டிய இடத்தில் மூன்று முளைத்திருக்கும். தூரத்தில் பார்த்தால் ஜொலிப்பு. நாளைக்கு இந்தப் பிழையெல்லாம் சரியாகிவிடலாம். அப்போதும் என் வாதம் மாறாது. என் நிரலில் ஓர் இழை ஏன் திரும்பியது என்று என்னால் சொல்ல முடியும். பிடிக்காவிட்டால் அந்த விதியில் கைவைக்க முடியும். அங்கே நான் ஆர்டர் கொடுக்கிறவன் மட்டும்தான், சமைத்தது யாரோ. அதுவும் பெயர் கேட்காமல் எடுத்த லட்சக்கணக்கான பேரின் படங்களில் சமைத்தது. ஓட்டலில் சாப்பிடுவது தப்பில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து நான் சமையல்காரன் என்று சொல்லாதீர்கள்.

விலையும் இதற்குச் சான்றிதழ் ஆகாது. 2021இல் என்.எஃப்.டி. காய்ச்சல் அடித்தபோது திடீரென்று ஊரே இந்தக் கலையைப் பற்றிப் பேசியது. என்னைப் பார்த்து 'சும்மா கிறுக்குறான்' என்றவர்களெல்லாம் 'எவ்வளவுக்குப் போகும்?' என்றார்கள். காய்ச்சல் இறங்கியதும் மறுபடி கிறுக்கலாகிவிட்டது. கோலத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. கையெழுத்தில்லை, விலையில்லை. பத்து மணிக்குள் பால்காரர் சைக்கிளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதைக் கலைத்துவிடுவார்கள். மறுநாள் வேறு.

எனவே பெருமைக் கட்சிக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த மார்கழியில் ஃபார்வர்ட் செய்வதற்கு முன் ஒரு தடவை நீங்களே முற்றம் தெளித்துப் போட்டுவிட்டு அனுப்புங்கள். கல்லூரி ஆசிரியர்களுக்கு: செமஸ்டரில் ஒரே ஒரு லேப் வகுப்பை மார்க் இல்லாமல் விடுங்கள். நட்சத்திர முக்கோணத்தைக் கலைக்கச் சொல்லுங்கள், வீட்டில் அம்மாவிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். இலக்கிய நண்பர்களுக்கு: ஆன்மாவைப் பற்றி அப்புறம் பேசலாம். 5×5 புள்ளி, 40 இடம், வெட்டலாம் அல்லது திரும்பலாம். நன்றாக வராது. தூக்கிப்போட்டுவிட்டு இன்னொன்று போடுங்கள்.